தாஹிர் உறங்கிய இடத்தில் வெட்டு

பாலாவியில் சித்தி ஸுலைஹாவைக் கண்டால் கல்யாணம் முடித்த பெண்கள் கொஞ்சம் மரியாதையாகவே சிரிப்பார்கள். காரணம் இருக்கிறது. பெண்கள் பக்கத்துக் கல்யாண வீடியோவை எடுப்பதும் அவள்தான், வெட்டி ஒட்டுவதும் அவள்தான். எந்த மாமி இரண்டாவது சஹன் தட்டிலும் போய்ச் சாப்பிட உட்கார்ந்தாள், எந்தச் சாச்சி மணப்பெண்ணின் மாலையைக் கையால் தூக்கி எடை பார்த்தாள் என்பதெல்லாம் ஸுலைஹாவின் கணினிக்குத் தெரியும். ஐந்து மணித்தியாலக் கல்யாணத்தை முக்கால் மணித்தியாலமாக்கித் தருவாள். வந்த பெண்களில் ஒருத்தியின் முகமும் விடுபடாது. ஒருத்தியும் வாயை ஆவென்று திறந்து சாப்பிடுகிற கோலத்தில் இருக்கமாட்டாள். வேலை முடிந்ததும் பெண்ணின் உம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு தன்னிடமுள்ள பிரதியை அழித்துவிடுவாள். ஆண்கள் கண்ணில் படக்கூடாத வீடியோ அது. அந்த நம்பிக்கையில்தான் கற்பிட்டி தொடக்கம் சிலாபம் வரை அவளுக்கு அழைப்பு வந்தது.

பிறந்தது மன்னாரில். தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது ஏழு வயதுப் பிள்ளையாக உம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தவள். இரண்டு கிழமையில் திரும்பலாம் என்று வந்த இடத்தில் முப்பது வருஷம் போய்விட்டது. "ஒங்கட ஊரு எது?" என்று யாராவது கேட்டால், "கேக்கிற ஆளப் பொறுத்து" என்பாள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. சண்டை முடிந்து இரண்டு வருஷத்தில் புத்தளத்து ஸ்டூடியோ ஒன்றுக்குக் கூட்டிப் பெருக்கப் போனாள். முதலாளி வெற்றிலை போட வெளியே போகும் இடைவெளிகளில் கணினியில் வெட்டுவதைப் பழகினாள். ஆறு மாதத்தில் முதலாளி அவளிடம் சந்தேகம் கேட்கத் தொடங்கினார். ஒரு வருஷத்தில் அவள் சொந்தமாகத் தொழில் தொடங்கினாள். முதலாளி இன்றுவரை அவளோடு கதைப்பதில்லை.

இதைச் சொல்கிற நான் நபீலா. இருபத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரி வார்டுகளில் தாதியாக நின்றுவிட்டு, இப்போது புத்தளத்தில் ஒரு தனியார் தாதியர் பயிற்சி நிலையத்தில் படிப்பிக்கிறேன். எனக்குக் கோபம் முதல் பஸ்ஸில் வரும், யோசனை அடுத்த பஸ்ஸில்தான் வரும். ஸுலைஹாவைப் பற்றி எழுத உட்கார்ந்தது அவளைப் புகழ்வதற்கு மட்டுமில்லை. இது ஒரு காலின் கதையும்தான். அவளுடைய புருஷன் தாஹிரின் இடது கால்.

இரண்டாயிரத்து இருபத்தொன்றில் கொரோனா வந்து கல்யாணங்களை விழுங்கியது. மாப்பிள்ளை, மௌலவி, இரண்டு சாட்சி, கொஞ்சம் வட்டிலப்பம் என்று கல்யாணம் சுருங்கிப் போனபிறகு வெட்டுவதற்கு என்ன இருக்கிறது? ஸுலைஹா கணினியின்மேல் ஒரு பழைய மணப்பெண் சால்வையைப் போட்டு மூடி வைத்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் நிலைமை நேர்மாறு. எங்களிடம் வெட்டுவதற்கு நிறைய இருந்தது. டொக்டர் அத்தாஉல்லா இருந்தார்.

டொக்டருக்கு அப்போது எழுபத்தொரு வயது. நல்ல கைராசிக்காரர். புத்தளத்தில் பாதிப் பேர் அவர் மருந்தில்தான் நடமாடினார்கள். ஆனால் வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. எங்கள் பிள்ளைகளுக்காக வீட்டில் இருந்தபடியே பதினொரு விரிவுரைகளைப் பதிவு செய்து தந்தார். ஒவ்வொன்றும் இரண்டரை மணித்தியாலம். எழுபத்து நாலாம் ஆண்டு அவர் கோட்டை ஸ்டேஷனில் ரயிலைத் தவறவிட்ட கதை ஆறு விரிவுரைகளில் வரும். ஒவ்வொரு முறையும் ரயில் வேறு வேறு நேரத்துக்குப் புறப்படும். இடையிடையே அவருடைய பழைய சைக்கிளின் கதையும் வரும். இரண்டு வசனத்துக்கு ஒருமுறை தொண்டையைச் செருமுவார். இரும்புக் கதவை இழுத்துத் திறப்பதுபோல ஒரு செருமல்.

விரிவுரையைப் பார்த்து முடித்தபிறகு சூமில் சந்தேகம் கேட்கும் நேரம். முப்பத்திரண்டு பிள்ளைகளின் பெயரும் திரையில் இருக்கும், முகம் ஒன்றுகூட இருக்காது. "விளங்கிச்சா பிள்ளைகளே?" என்று டொக்டர் கேட்டார். திடீரென்று யாரோ ஒருத்தியின் பக்கத்திலிருந்து மீன் பொரிகிற சத்தம் கேட்டது. கூடவே, "உம்மா, உப்பு காணுமாண்டு பாருங்க" என்று ஒரு குரல். டொக்டர் மலர்ந்துபோனார். "நல்ல கேள்வி. இரத்த அழுத்தக்காரருக்கு உப்பு எவ்வளவு காணும், எவ்வளவு போதும்?" என்று தொடங்கி இன்னும் இருபத்தைந்து நிமிஷம் பேசினார். மீன் கருகியிருக்கும்.

செப்டம்பரில் பரீட்சை. மாதிரிப் பரீட்சையில் முப்பத்திரண்டு பேரில் ஐந்து பேர்தான் தேறினார்கள். விரிவுரை ஒவ்வொன்றையும் எட்டு நிமிஷச் சின்னப் பாடமாக்கி, முடிவில் மூன்று கேள்வி வைத்து, போனில் அமத்திப் பதில் சொல்கிற மாதிரிச் செய்யவேண்டும் என்று எங்கள் அதிபர் முடிவெடுத்தார். டொக்டரிடம் அதைப் போய்ச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. பெரிய மனசு பண்ணிச் சம்மதித்தார், ஒரேயொரு நிபந்தனையோடு.

"வெட்டுங்க மகள். ஆனா ஒரு சொல்லும் கொறயப்படாது."

வெட்ட வேண்டும், ஒரு சொல்லும் குறையக்கூடாது. இந்தக் கூத்தைச் செய்யக்கூடிய ஆள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். என் தங்கச்சி மகளின் கல்யாணத்தில், கோபித்துக்கொண்டு பாதியில் போன மாமியைக்கூட முழுக் கல்யாணத்திலும் நின்றவள் மாதிரிக் காட்டியவள் அவள்.

ஸுலைஹா முதல் விரிவுரையில் அரை மணித்தியாலத்தைக் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"மிஸ், இதுவும் கலியாண ஊடுதான். மாப்புள எப்ப வருவாரெண்டு பாத்துக்கிட்டே இரிக்கோணும். இந்தா, ரயில் போகுது, சைக்கிள் போகுது, இன்னும் மாப்புளயக் காணல்ல."

"மாப்புள யாரு?"

"டொக்டர் சொல்ல வந்த விசயம்."

எட்டாம் வகுப்போடு நின்றவள் சொன்னாள். விரிவுரை எப்படிச் செய்யவேண்டும் என்று எனக்கு மூன்று நாள் பயிற்சி தந்தவர்கள் யாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

எங்கே வெட்டுவது என்று அவள் கண்டுபிடித்த வழிதான் வேடிக்கை. தாஹிர் உப்பளத்தில் வேலை செய்பவர். விடியலில் போய் வெயில் ஏறுமுன் பாத்தியில் உப்பு வாரிவிட்டு, பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவார். சாப்பிட்டதும் அவரைக் கதிரையில் உட்கார வைத்து டொக்டரைப் போட்டுவிடுவாள். அவர் தலை எந்த நிமிஷத்தில் முதன்முதலாகச் சாய்கிறதோ அந்த நிமிஷத்தைக் கொப்பியில் எழுதிக்கொள்வாள். அந்த இடத்தில் வெட்டு. மறுபடி எழுப்பி, மறுபடி போடுவாள். "முதலாம் விரிவுரை, நாலாம் நிமிசம், கொறட்ட" என்றெல்லாம் அந்தக் கொப்பியில் இருக்கிறது, நான் பார்த்திருக்கிறேன்.

வெட்டிச் சுருக்கிய பாடத்தைத் திரும்பவும் தாஹிருக்குக் காட்டுவாள். அவர் கண் மூடாமல் பார்த்து முடித்தால் பாடம் தேறிவிட்டது என்று அர்த்தம். டொக்டரின் நிபந்தனைக்கும் அவள் ஒரு வழி வைத்திருந்தாள். ரயில், சைக்கிள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து "மேலதிக வாசிப்பு" என்று கடைசியில் ஒரு தனிப் பாடமாக வைத்துவிட்டாள். சொல் ஒன்றும் குறையவில்லை. அதை யாரும் திறக்கவுமில்லை.

கேள்விகளுக்குச் சரியாகப் பதில் அமத்தினால் றபான் மேளம் தட்டுகிற சத்தம் வரும். ஏதோ ஒரு கல்யாணத்தில் மிஞ்சியது. அந்த றபான் சத்தத்துக்குத் தாஹிர் அடிமையாகிப் போனார். தாஹிர் தோற்கப் பிடிக்காத மனிதர். கெரம் விளையாடித் தோற்றால் பலகை சரிவு என்பார். மார்க்கத்தில் தடையில்லாத எந்தப் போட்டி என்றாலும் முன்னுக்கு நிற்பார். நுரையீரல், இருதயம், ஈரல் என்று ஆறு விரிவுரைப் பாடங்களிலும் முழுப் புள்ளி எடுத்துவிட்டார். "நான் தாதிக்குப் படிச்சிரிந்தா இப்ப மேற்றனாயிரிப்பேன்" என்று உப்பளத்தில் சொல்லித் திரிந்தாராம்.

இனிக் காலுக்கு வருகிறேன். தாஹிருக்கு ஒன்பது வருஷமாகச் சீனி வருத்தம், நீரிழிவு. இடது காலின் பெருவிரலுக்கு அடியில் சித்திரை மாதம் ஒரு சின்னப் புண் வந்திருந்தது. அதை அவர் "ஓட்ட" என்றார். கிளினிக்குக்குப் போங்கள் என்று ஸுலைஹா சொன்னபோதெல்லாம் அவரிடம் ஒரே பதில். உப்பளத்து ஆட்கள் எல்லோரிடமும் உள்ள பதில் அது. காலில் வெட்டோ கீறலோ பட்டால் உப்புப் பாத்தித் தண்ணீரில் போய் நிற்பார்கள். எரிந்தால் புண் இன்னும் பச்சை. எரியாவிட்டால் ஆறிவிட்டது. அப்பனும் பாட்டனும் பார்த்த பரிசோதனை, ஒருநாளும் பிழையாகிப் போனதில்லை.

"சித்திரையில எரிஞ்சிச்சி. இப்ப எரியவே இல்ல. ஆறிட்டு" என்றார் தாஹிர். ஸுலைஹாவும் அதை நம்பினாள். அல்ஹம்துலில்லாஹ் என்றும் சொன்னாள். ஆனால் ஆறிப்போன காலில் எதற்காகத் தினமும் துணி சுற்றுகிறார், அந்தத் துணி எதற்காக நனைகிறது என்ற யோசனையும் அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஏழாவது விரிவுரை "சீனி வருத்தமும் காலும்". தாஹிர் ஒன்பதாம் நிமிஷத்திலேயே உறங்கிவிட்டார். ஸுலைஹா மாப்பிள்ளையைத் தேடிக்கொண்டு முன்னே போனாள். ஒரு மணித்தியாலமும் பன்னிரண்டு நிமிஷமும் தாண்டிய இடத்தில், ஒரு சைக்கிள் கதைக்கும் ஒரு செருமலுக்கும் நடுவே, டொக்டர் போகிற போக்கில் ஒரேயொரு வசனம் சொன்னார். சீனிக்காரருக்கு நரம்பு செத்துவிடும், காலில் நோவு தெரியாது, அதனால் புண் ஆறிவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

அவள் அந்த இடத்தைத் திரும்பப் போட்டாள். இன்னுமொருமுறை போட்டாள். பிறகு தாஹிரை எழுப்பினாள்.

"நிஃப்லாட வாப்பா, இதக் கொஞ்சம் கேளுங்க."

தாஹிர் கேட்டார். "அது டவுண் ஆக்களுக்குச் சொல்றது. அவங்க உப்புத் தண்ணியக் கண்டிரிக்காங்களா?" என்றுவிட்டுத் திரும்பவும் சாய்ந்துகொண்டார்.

ஸுலைஹா அழுதாள், கெஞ்சினாள். மாம்புரியில் கட்டிக்கொடுத்த மகள் நிஃப்லாவைக்கொண்டு போன் எடுப்பித்தாள். உப்பு வாரும் காலம், ஒருநாளும் லீவு போட ஏலாது என்றார். கடைசியில் அவளுக்கு ஒரு எண்ணம் வந்தது. இந்த மனுஷன் மனைவி சொல்லையும் கேட்கமாட்டார், மகள் சொல்லையும் கேட்கமாட்டார். ஆனால் றபான் அடிக்காமல் விட்டால் தாங்கமாட்டார்.

ஏழாம் பாடத்தின் மூன்றாவது கேள்வியை அவளே எழுதினாள். "சீனி வருத்தக்காரர் ஒருவரின் கால் புண் உப்புத் தண்ணீரில் எரியவில்லை. அப்படியென்றால்: ஒன்று, புண் ஆறிவிட்டது. இரண்டு, உடனே கிளினிக்குக்குப் போகவேண்டும்." பிழையான பதிலுக்கும் ஒரு சத்தம் வேண்டுமே. அதுவரை ஏழு விரிவுரைகளிலிருந்தும் வெட்டியெடுத்த டொக்டரின் செருமல்கள் இருநூற்றுச் சொச்சம் அவளிடம் ஒரு கோப்பில் கிடந்தன. எறிய மனம் வராமல் வைத்திருந்தாளாம். அதில் மிகப் பெரியதாக ஒன்றைப் பார்த்து எடுத்துப் போட்டாள்.

பகல் சாப்பிட்டுவிட்டுத் தாஹிர் போனைக் கையில் எடுத்தார். முதல் கேள்வி, றபான். இரண்டாவது, றபான். மூன்றாவதில் நம்பிக்கையோடு "ஆறிவிட்டது" என்று அமத்தினார். டொக்டர் செருமினார்.

"என்னடி இது?"

"பிழையாம்."

திரும்ப அமத்தினார். திரும்பச் செருமல். மற்றப் பதிலை அமத்தினால் றபான் அடிக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் தனக்குச் சரியென்று தெரிந்ததை விட்டுப் பிழையை அமத்துவதா? பதினொரு முறை அமத்தினார், பதினொரு முறையும் செருமல். அதற்குப் பிறகு சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எனக்குப் போன் எடுத்தார்.

"மிஸ், ஏழாம் பாடத்தில கேள்வி பிழை. திருத்துங்க."

அப்படியொரு கேள்வியை நாங்கள் தரவேயில்லை என்று திறந்து பார்த்தேன். அமத்தினேன். செருமல் வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்து கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அடுத்த நிமிஷம்தான் நினைவு வந்தது. பாடம் காலையிலேயே பிள்ளைகளுக்குப் போய்விட்டது. எங்கள் பிள்ளைகள் என்ன லேசுப்பட்டவர்களா? மத்தியானத்துக்குள் அந்தச் செருமலைத் தனியாக எடுத்துப் போன் மணியாக வைத்துவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி டொக்டரின் பேத்தி. டொக்டரின் வீட்டுக்குள்ளேயே டொக்டர் செருமியிருக்கிறார், அவர் வாய் திறக்காமலே.

"யாரு மகள் என்ட தொண்டய வெட்டினது?" என்று போனில் கேட்டார். அந்தக் குரலை எழுத்தில் எழுத எனக்கு ஏலாது.

அன்று அஸர் தொழுகைக்கு முன்னமே அவருடைய காரின் பின் சீட்டில் நான் இருந்தேன். புத்தளத்திலிருந்து பாலாவி வரை மரியாதை, மருத்துவத்தின் கண்ணியம், எழுபத்து நாலாம் ஆண்டு ரயில் எல்லாம் வந்தன. எனக்கு வேலை போகப் போகிறது என்று உறுதியாக நம்பினேன். ஸுலைஹாவையும் மனதுக்குள் நன்றாகத் திட்டினேன்.

ஸுலைஹா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "வாங்க டொக்டர். பிளேன்டீ குடிப்பீங்களா?"

"ஒரு சொல்லும் கொறயப்படாது எண்டுதானே சொன்னேன்?"

"சொல்லு ஒண்டும் கொறயல்ல டொக்டர். செருமல் சொல்லில்லையே."

நான் சுவரைப் பார்த்தேன். டொக்டர் விடவில்லை. "சரி, அந்த உப்புத் தண்ணிக் கேள்வி? அது நான் சொன்னதில்லையே. எந்தப் புத்தகத்தில இரிக்கி அது?"

அவள் பதில் சொல்லுமுன், மூலையில் கதிரையில் இருந்த தாஹிருக்கு உற்சாகம் வந்துவிட்டது. கடைசியில் தன் கட்சிக்கு ஒரு டொக்டரே வந்திருக்கிறார்.

"அதத்தான் டொக்டர் நானும் பகலிலேந்து சொல்றேன். கேள்வி பிழை. பதினொரு தரம் அமத்தினேன், பதினொரு தரமும் நீங்க செருமினீங்க."

"ஏன் பிழை எண்டு சொல்றீங்க தம்பி?"

"என்ட காலே சாட்சி. சித்திரையில இந்தப் புண் உப்புத் தண்ணியில நெருப்பு மாதிரி எரிஞ்சிச்சி. இப்ப பாத்தியில முழங்காலளவுக்கு நிண்டாலும் ஒண்டுமில்ல. கெணத்துத் தண்ணி மாதிரி இரிக்கி."

டொக்டரின் கை தொண்டைக்குப் போனது. ஆனால் செருமவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, தாஹிரின் முன்னால் சீமெந்துத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

"காலக் காட்டுங்க தம்பி."

துணியை அவிழ்க்கும்போதே எனக்கு வாடை தெரிந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷம் வார்டில் நின்ற மூக்கு. பெருவிரலுக்குக் கீழே ஒரு புளியங்கொட்டை போகிற அளவுக்குப் பள்ளம். சுற்றிவர வெள்ளையாய்ச் செத்த தோல். இந்த உப்பளத்துக் கால்களை நான் எத்தனை நூறு கழுவியிருப்பேன்! ஏன் இவ்வளவு சுணங்கி வந்தீர்கள் என்று ஒவ்வொரு காலையும் ஏசியிருக்கிறேன். ஏன் என்று உண்மையாகவே ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. அந்த நேரம் வெட்கத்தில் என் முகம் சுட்டது.

"தங்கூசி இரிக்கா வீட்டில?" என்று டொக்டர் கேட்டார். தாஹிர் களப்பில் தூண்டில் போடும் நைலோன் நூல் ஆணியில் தொங்கியது. டொக்டர் அதில் ஒரு சாண் வெட்டியெடுத்தார். "கண்ண மூடுங்க. இந்த நூலால தொடுவேன். தொட்டது தெரிஞ்சா 'ஓம்' எண்டு சொல்லுங்க. அவ்வளவுதான்."

போட்டி என்றால் தாஹிருக்குச் சொல்லவா வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணை இறுக்கி மூடினார். ஸுலைஹாவின் கை பழக்கதோஷத்தில் தானாகவே போனைத் தூக்கிப் பதிவை அமத்தியது.

முதலில் வலது கால். குதிகாலில் தொட்டார். "ஓம்." நடுப்பாதத்தில் தொட்டார். கொஞ்சம் யோசித்து, "ஓம்." பிறகு இடது காலுக்கு வந்தார். சுண்டு விரலில் தொட்டார். சத்தமில்லை. பெருவிரலில் நூல் வளைகிற அளவுக்கு அழுத்தினார். சத்தமில்லை. தாஹிரின் நெற்றி சுருங்கியது. இவ்வளவு நேரம் தொடாமல் இருக்கமாட்டார் என்று கணக்குப் போட்டிருப்பார்.

"ஓம்" என்றார்.

அப்போது டொக்டரின் கை காலைவிட்டு விலகியிருந்தது.

"ஓம்."

டொக்டர் நூலை மெதுவாகத் தரையில் வைத்தார். இரண்டு கைகளையும் தன் முழங்காலின்மேல் வைத்துக்கொண்டார்.

"ஓம்" என்றார் தாஹிர். முகத்தில் வெற்றிச் சிரிப்பு. ஒரு மூச்சு விட்டு இன்னுமொருமுறை, "ஓம்."

ஸுலைஹா பதிவை நிறுத்தவில்லை. மற்றக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"கண்ணத் தொறங்க தம்பி."

தாஹிர் கண்ணைத் திறந்தார். "எத்தின சரி?" என்று கேட்டார். தரையில் கிடந்த நூலைப் பார்த்தார். டொக்டரின் கைகளைப் பார்த்தார். பிறகு தன் இடது காலை, யாரோ அன்னியனின் காலைப் பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்தார்.

"ஆஸ்பத்திரி. இப்பயே" என்றார் டொக்டர். அவருடைய வாழ்நாளிலேயே மிகச் சிறிய விரிவுரை அதுதான். தன் காரிலேயே முன் சீட்டில் தாஹிரை ஏற்றிக்கொண்டு போனார். புத்தளம் போய்ச் சேரும்வரை எழுபத்து நாலாம் ஆண்டு ரயில் ஒருமுறையும் புறப்படவில்லை.

எலும்புவரை பழுதாகியிருந்தது. பெருவிரலும் அடுத்த விரலும் போயின. இன்னும் பத்து நாள் சுணங்கியிருந்தால் முழங்காலுக்குக் கீழே எல்லாம் போயிருக்கும் என்று சத்திரசிகிச்சை செய்தவர் சொன்னார். வார்டு வாசலில் ஸுலைஹா என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எரியாட்டி ஆறிட்டு எண்டு நானும்தான் மிஸ் நம்பினேன். அல்ஹம்துலில்லாஹ் எண்டும் சொன்னேனே." நான் அவளுக்கு ஆறுதல் சொல்லவில்லை. எனக்கும் சேர்த்து அழ ஒரு ஆள் கிடைத்ததே என்று நானும் அழுதேன்.

மூன்றாம் நாள் தாஹிர் கட்டிலில் இருந்தபடி கேட்டார். "அண்டைக்கி எடுத்த வீடியோவ என்ன செஞ்ச?"

"வீட்ட போனதும் அழிச்சிடுவேன்" என்றாள் ஸுலைஹா. அழிப்பதில் அவள் நாணயமானவள் என்று ஊருக்கே தெரியும்.

தாஹிர் கொஞ்சம் யோசித்தார். "அழிக்காத. ஏழாம் பாடத்தில போடு."

"ஆக்கள் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். ஒரு ஓமும் வெட்டாத."

அவள் வெட்டவில்லை. மற்ற எல்லாப் பாடமும் எட்டு நிமிஷம், ஏழாம் பாடம் மட்டும் பத்து. சூமில் பிள்ளைகளோடு நானும் இருந்து அதைப் பார்த்தேன். தொடாமலே சொன்ன முதல் ஓமுக்கு நாலைந்து பேர் சிரித்தார்கள். இரண்டாவதுக்கு ஒருத்தி சிரித்தாள். நூல் தரைக்குப் போனபிறகு யாருடைய பக்கத்திலிருந்தும் மீன் பொரிகிற சத்தம்கூட வரவில்லை. செப்டம்பர் பரீட்சையில் முப்பத்திரண்டில் இருபத்தெட்டுப் பேர் தேறினார்கள்.

டொக்டர் தன் செருமலை எடுக்கச் சொல்லவில்லை. அடுத்த வருஷம் சிறுநீரகத்தைப் பற்றிப் புதிதாக ஒரு விரிவுரை பதிவு செய்து அனுப்பினார். இரண்டு மணித்தியாலமும் பத்து நிமிஷமும். கூடவே ஒரு துண்டுக் கடிதம்: "தாஹிர் தம்பி எங்கே உறங்கினார் என்று தயவுசெய்து அறியத் தரவும்."

தாஹிர் இப்போது பாத்திக்குள் இறங்குவதில்லை. சப்பாத்துப் போட்டுக்கொண்டு உப்புக் கொட்டிலைக் காவல் பார்க்கிறார். போன உப்புக் காலத்தில் ஸுலைஹாவோடு ஒருநாள் போயிருந்தேன். தேத்தண்ணி நேரம். வரப்பில் நாலைந்து பேர் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தாஹிர் சட்டைப் பையிலிருந்து ஒரு சாண் தங்கூசியை எடுத்தார். யாரும் ஏனென்று கேட்கவில்லை, வழக்கமாகிவிட்டது போலிருக்கிறது. அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவரின் முன்னால் குந்தி, "கண்ண மூடு மச்சான்" என்றார்.

அவர் மூடினார். தாஹிர் தொட்டார். சத்தமில்லை. வேறு இடத்தில் தொட்டார். சத்தமில்லை. பிறகு நூலை எடுத்துக் கையை மேலே தூக்கிக்கொண்டு காத்திருந்தார்.

"ஓம்" என்றார் அந்த மனிதர்.

மற்றவர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். தாஹிர் சிரிக்கவில்லை.

"பொய்யா ஓம் சொல்லாத மச்சான்" என்றார். "நான் சொல்லிப் பாத்தவன்."

அந்த மனிதர் கண்ணைத் திறக்காமலே, "இன்னுமொருக்கா தொடு" என்றார்.